இளம் வயதில் பக்கவாதம்: அதிகம் பேசப்படாத ரத்தக்குழாய்க் காரணங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்றால் கேட்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இந்த வயசுல பக்கவாதமா?" இந்த வியப்பு பல நேரங்களில் ஆளையே பாழாக்கிவிடுகிறது. ஒற்றைத் தலைவலி, பித்தம், மன அழுத்தம், தூக்கமின்மை என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மருத்துவர்களான நாங்களும் சில நேரம் அந்த வலையில் விழுந்திருக்கிறோம். நோயாளிகளும் குடும்பத்தினரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவற்றைத் தாண்டி, ரத்தக்குழாயின் சுவரிலேயே ஒளிந்திருக்கும் காரணங்களைப் பற்றியது.

அறிகுறி தெரிந்தால் அந்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

மற்ற கேள்விகளுக்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று வாய் கோணுவது, ஒரு கையோ காலோ வலுவிழப்பது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் பார்வை மறைவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது. இதில் ஒன்று வந்தாலும், வயது எதுவானாலும், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். முதலில் எப்போது தெரிந்தது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாயில் அடைப்பு என்றால், பொருத்தமானவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் வழியாக உறைந்த ரத்தக் கட்டியை வெளியே எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் மூளை விலை கொடுக்கிறது.

வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரும் வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். "கொஞ்சம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய பக்கவாதம் சில நேரம் இப்படித்தான் முன்கூட்டியே தட்டிவிட்டுப் போகும்.

இளம் வயது என்று எதைச் சொல்கிறீர்கள்? இது அவ்வளவு அரிதா?

பெரும்பாலும் 18 முதல் 50 வயது வரை. சில ஆய்வுகள் 45-இல் நிறுத்தும், சில 55 வரை போகும். மொத்தப் பக்கவாதங்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் இந்த வயதில் வருகிறது. அரிது என்று சொல்லிவிட முடியாத எண்ணிக்கை.

காரணம் எதுவானால் என்ன, மருந்து ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுதியதே இதற்காகத்தான். முதல் சில மணி நேரத்துச் சிகிச்சை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வழி பிரிந்துவிடுகிறது. ஒருவருக்கு ஆறு மாதம் மாத்திரை போதும். இன்னொருவருக்கு அறுவை சிகிச்சை தேவை. ஒருவருக்கு ஸ்டீராய்டு உயிரைக் காக்கும், அதே ஸ்டீராய்டு இன்னொருவரின் நிலையை மோசமாக்கும். எனவே காரணத்தைக் கண்டுபிடிக்காமல் "ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் சாப்பிடுங்கள்" என்று அனுப்பிவைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இளைஞர்களுக்கும் புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு எல்லாம் காரணமாகலாம். அவற்றைத் தேடத்தான் வேண்டும். ஆனால் அங்கேயே தேடலை நிறுத்திவிடக் கூடாது.

கழுத்து வலிக்கும் பக்கவாதத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. இளம் வயதினருக்கு அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஐந்தில் ஒன்று வரை கழுத்துத் தமனியின் சுவர் கிழிவதால் வருகிறது. டிசெக்‌ஷன் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள்.

தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்கில் ஒரு சிறு கிழிசல் விழுந்தால், பாயும் ரத்தம் அந்த வழியாக அடுக்குகளுக்கு இடையே புகுந்துகொள்கிறது. சுவருக்குள்ளேயே ரத்தம் தேங்கி வீங்கும்போது குழாயின் வழி குறுகுகிறது. கிழிந்த இடத்தின் மேல் ரத்தம் உறைகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே மூளைக்குப் போனால், அதுதான் பக்கவாதம். பெரும்பாலும் கழுத்தில் ஏற்படும் குறுக்கத்தைவிட இந்தத் துணுக்குதான் கெடுதல் செய்கிறது.

கிழிசலுக்கும் பக்கவாதத்துக்கும் நடுவே சில மணி நேரமோ, சில நாட்களோ, சிலருக்கு ஓரிரு வாரங்களோ இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் உடம்பு சில குறிப்புகள் கொடுக்கிறது. கழுத்தின் ஒரு பக்கத்தில், முன்பு எப்போதும் இல்லாத மாதிரி ஒரு வலி. அது காதுக்குப் பின்னாலும், கண்ணைச் சுற்றியும் ஏறும். நாடித்துடிப்போடு சேர்ந்து காதில் 'உஸ் உஸ்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முன் நின்றால் ஒரு பக்க இமை மட்டும் லேசாகச் சரிந்திருக்கும், அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடச் சிறுத்திருக்கும். காரணம் எளிது: இமையைத் தூக்கவும் பாப்பாவை விரிக்கவும் செல்லும் நுண்ணிய நரம்புகள், கழுத்தின் முன்பக்கமாக மூளைக்கு ஏறும் கரோடிட் தமனியின் வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகின்றன. சுவர் வீங்கினால் அவை நசுங்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் பார்த்தால் பாப்பாக்களின் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பின்பக்கமாக ஏறும் வெர்டிப்ரல் தமனி கிழிந்தால் கதை வேறு. பிடரியில் வலி, அப்புறம் தலைசுற்றல், வாந்தி, விழுங்க முடியாமை, குரல் கம்முதல், நிற்காத விக்கல். ஒரு பக்க முகத்திலும் எதிர்ப்பக்க உடம்பிலும் சூடு தெரியாமல் போகும். குளிக்கும்போது வெந்நீர் ஒரு பக்கத் தோளில் சுடுகிறது, மறுபக்கத் தோளில் வெறும் தண்ணீர்போல் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. இதை 'வெறும் தலைசுற்றல்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பினால் பெரிய தவறு.

பெரிய அடி எதுவும் படவில்லையே, எப்படிக் கிழியும்?

பெரிய அடி தேவையில்லை. பலருக்கு யோசித்துப் பார்த்தால்தான் ஏதாவது நினைவுக்கு வரும்: கடும் இருமல், திரும்பத் திரும்ப வாந்தி, எடை தூக்கியது, வண்டி திடீரென்று நின்றபோது கழுத்து வெட்டியது. வெர்டிப்ரல் தமனி கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக ஏறி, தலையைத் திருப்பும் மேல் இரண்டு எலும்புகளின் அருகே வளைந்து போகிறது. அந்த வளைவில்தான் அது இழுபடுகிறது. சிலருக்குச் சுவரே இயல்பில் பலவீனமாக இருக்கும். சிலருக்குக் காதுக்குக் கீழே இருக்கும் ஊசி போன்ற எலும்பு அளவுக்கு மீறி நீண்டு கரோடிட் தமனியில் உரசும். எந்தக் காரணமும் தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

கழுத்தில் நெட்டி முறிப்பது ஆபத்தா?

கழுத்தை வேகமாகத் திருகுவதற்கும் தமனி கிழிவதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தனி ஒருவருக்கான ஆபத்து மிகக் குறைவு. இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: சிலருக்குத் தமனி ஏற்கெனவே கிழிந்து, அந்த வலிக்காகவே கழுத்தைத் திருகிவிடச் சொல்லிப் போகிறார்கள், பழி திருகியவர் மேல் விழுகிறது. இருந்தாலும் என் கருத்து உறுதியானது. இன்னொருவர் கையில் கழுத்தைக் கொடுத்து வெடுக்கென்று திருப்பச் சொல்லாதீர்கள். அதில் கிடைக்கும் சுகம் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. ஒருமுறை கிழிசல் வந்தவர்கள் ஆயுள் முழுக்க இதைத் தவிர்க்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஆறுமா?

மூளையை மட்டும் ஸ்கேன் எடுத்தால் இது தெரியாது. நெஞ்சில் மகாதமனி வளைவிலிருந்து உச்சந்தலை வரை குழாய்களைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம் வேண்டும். கொழுப்பின் ஒளிர்வை அடக்கி எடுக்கும் ஒரு வகை எம்.ஆர்.ஐ. படம் இருக்கிறது. அதில் கழுத்தின் குறுக்குவெட்டில் ரத்தம் ஓடும் வழி சின்னக் கரும்புள்ளியாகவும், அதை அணைத்தபடி சுவருக்குள் தேங்கிய ரத்தம் வெள்ளைப் பிறையாகவும் தெரியும். அந்தப் பிறையைப் பார்த்துவிட்டால் சந்தேகம் இல்லை. கிழிந்த முதல் ஓரிரு நாட்களில் பிறை சரியாகத் தெரியாமலும் போகலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நல்ல செய்தி, பெரும்பாலான கிழிசல்கள் மூன்று முதல் ஆறு மாதங்களில் தாமாகவே ஆறிவிடும். அதுவரை ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. ஆஸ்பிரின் வகையா, வார்ஃபரின் வகையா என்பது நீண்ட நாள் விவாதம். 2015-இல் வெளியான காடிஸ் ஆய்வு 250 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டது. மறு பக்கவாதம் இரண்டு பிரிவிலும் மிகக் குறைவாக இருந்ததால் எது மேல் என்று சொல்ல முடியவில்லை. 2021-இல் வந்த ட்ரீட்-கேட் ஆய்வாலும் ஆஸ்பிரின் மற்றதற்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. கிழிசலின் இடம், குறுக்கத்தின் அளவு, மூளைப் பாதிப்பின் அளவு ஆகியவற்றைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவெடுப்பார். குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழல் தேவைப்படுபவர்கள் சிலர்தான்.

ரிப்போர்ட்டில் 'கரோடிட் வெப்' என்று இருக்கிறது. அது என்ன?

கரோடிட் தமனி கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில், பின்சுவரிலிருந்து உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய திட்டு. சுவரலமாரித் தட்டுபோல் இருக்கும். குழாயை அது அதிகம் அடைப்பதில்லை. ஆனால் அதற்கு மேலே ஒரு மூலை உருவாகி, அங்கே ரத்தம் சுழன்று தேங்கி உறைகிறது. உறைந்த துணுக்கு மூளைக்கு ஏறுகிறது.

இதில் எனக்கு இருக்கும் ஆதங்கம் ஒன்று. ஒலி அலை கொண்டு பார்க்கும் கழுத்து டாப்ளர் ஸ்கேனில் 'குறுக்கம் இல்லை, நார்மல்' என்று வந்துவிடும். சி.டி. ஆஞ்சியோகிராமில்கூட ஒரு கோணத்தில் மட்டும் கோடுபோல் தெரியும், தேடிப் பார்க்காத கண்ணுக்குத் தப்பிவிடும். காரணம் தெரியாத பக்கவாதம் என்று முத்திரை குத்தப்பட்டு, அதே பக்கத்தில் இரண்டாவது முறையும் வந்த பிறகுதான் பலருக்கு இது பிடிபடுகிறது. ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் பக்கவாதம் வந்த பக்கத்தில் வெப் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால், அதை அறுவை மூலம் நீக்குவதையோ ஸ்டென்ட் வைத்து அழுத்திவிடுவதையோ பல மையங்களில் பரிந்துரைக்கிறார்கள்.

குழாய் 'மணிமாலை' போல் இருக்கிறது என்றார்களே?

ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா. தமனிச் சுவரில் நார்த்திசு ஒழுங்கில்லாமல் வளர்ந்து, ஒரு இடம் குறுகி, அடுத்த இடம் புடைத்து, படத்தில் மணிகள் கோத்ததுபோல் தெரியும். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கழுத்தில் இருந்தால் கிழிசலுக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கும். சிறுநீரகத் தமனியில் இருந்தால் இளம் வயதிலேயே ரத்த அழுத்தம் ஏறும். ஓரிடத்தில் கண்டால் தலையிலிருந்து இடுப்பு வரை ஒருமுறையாவது எல்லாத் தமனிகளையும் பார்த்துவிட வேண்டும். மூளைக் குழாயில் பலூன்போன்ற புடைப்பு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

மோயாமோயா என்றால் என்ன? பெயரே விநோதமாக இருக்கிறதே?

ஜப்பானிய மொழியில் புகை மண்டலம்போல் மங்கலாக இருப்பதைக் குறிக்கும் சொல். 1969-இல் சுசுகி, டகாகு என்ற இரண்டு ஜப்பானிய மருத்துவர்கள் இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். மூளைக்குள் நுழைந்ததும் கரோடிட் தமனியின் நுனி இரு பக்கமும் மெல்ல மெல்லக் குறுகுகிறது. மூளை சும்மா இருப்பதில்லை. பக்கத்திலிருக்கும் நுண்குழாய்களை விரித்து மாற்று வழி அமைக்கப் பார்க்கிறது. ஆஞ்சியோகிராமில் அந்த நுண்குழாய்க் கூட்டம் சிகரெட் புகையை ஊதியதுபோல் தெரியும்.

ஐந்து முதல் பத்து வயதில் ஒரு கூட்டம், முப்பது நாற்பதுகளில் இன்னொரு கூட்டம் என்று இரண்டு பருவங்களில் இது தலைகாட்டுகிறது. குழந்தைகளுக்கு அடைப்பாக வரும். பெரியவர்களுக்கு அடைப்பாகவும் வரும், அந்த மெல்லிய குழாய்கள் வெடித்து ரத்தக் கசிவாகவும் வரும். கிழக்காசியாவில் அதிகம், அங்கே ஆர்.என்.எஃப்.213 என்ற மரபணு மாற்றத்தோடு தொடர்பு உண்டு. ஆனால் உலகில் எங்கும் வரலாம். டவுன் சிண்ட்ரோம், அரிவாள் செல் சோகை, தலைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்கும் இதே படம் உருவாகலாம்.

கவனித்தால் தெரியும் ஒரு அடையாளம் சொல்கிறேன். குழந்தை தேம்பித் தேம்பி அழுதபின், சூடான உணவை ஊதி ஊதிச் சாப்பிட்டபின், பலூன் ஊதியபின் ஒரு கை சில நிமிடம் தொய்ந்து போய்த் திரும்ப வரும். வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால் மூளைக் குழாய்கள் சுருங்குகின்றன. ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் மூளைப் பகுதிக்கு அந்தச் சுருக்கமே போதும். 'அழுது அடம்பிடித்ததில் கை மரத்துப்போச்சு' என்று பெற்றோர் நினைப்பது இயல்புதான். இரண்டாவது முறை நடந்தால் விடாதீர்கள்.

மாத்திரை இந்தக் குறுக்கத்தை நிறுத்தாது. வழி மாற்றிவிடுவதுதான் சிகிச்சை. காதுக்கு முன்னால் விரலை வைத்தால் ஒரு நாடி துடிப்பது தெரியும் அல்லவா, உச்சந்தலைத் தோலுக்குப் போகும் அந்தத் தமனியை எடுத்து மண்டையோட்டில் துளையிட்டு மூளையின் மேற்பரப்புத் தமனியோடு நேரடியாகத் தைப்பார்கள். அல்லது தைக்காமல் மூளையின் மேல் படியவைத்துவிடுவார்கள், சில மாதங்களில் அங்கிருந்து புதிய குழாய்கள் தாமாக முளைக்கும். அதுவரையிலும் அதற்குப் பிறகும் உடலில் நீர் வற்ற விடக்கூடாது, ரத்த அழுத்தம் தாழ விடக்கூடாது. வேறு எந்த அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும் முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுங்கள்.

தலையில் இடி விழுந்ததுபோல் வலித்தது. ஸ்கேன் நார்மல் என்கிறார்களே?

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி எப்போதுமே அவசரம். முதலில் மூளைக் குழாயின் புடைப்பு வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லை என்று உறுதியானால், அதே மாதிரி வலி ஓரிரு வாரங்களில் மீண்டும் மீண்டும் வந்தால், மூளைத் தமனிகள் தற்காலிகமாக இறுகிச் சுருங்கும் ஆர்.சி.வி.எஸ். என்ற நிலையை நினைக்க வேண்டும். முக்கி மலம் கழிக்கும்போது, உடலுறவின்போது, குளிக்கும்போது வலி தாக்கும். பிரசவம் முடிந்த முதல் வாரங்களில் வரலாம். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், கஞ்சா, கோகைன் இவையும் தூண்டும்.

முதல் வாரத்தில் ஆஞ்சியோகிராமும் நார்மலாகவே இருக்கலாம், சில நாள் கழித்து எடுத்தால் சுருக்கம் தெரியும். தூண்டிய மருந்தை நிறுத்தி ஓய்வெடுத்தால் பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் குழாய்கள் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் சிலருக்குப் பக்கவாதமோ கசிவோ ஏற்படுகிறது. இங்கேதான் ஸ்டீராய்டு விஷயம் வருகிறது. படத்தில் இது குழாய் அழற்சியைப் போலவே இருக்கும். அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் இவர்களுக்கு மோசமாகலாம். தலைவலி எப்படி ஆரம்பித்தது என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம்தான் பல நேரம் இரண்டையும் பிரித்துக்காட்டுகிறது.

குழாய் அழற்சி என்று எப்போது சந்தேகிப்பார்கள்?

மூளைக் குழாய்களில் மட்டும் வரும் அழற்சி மிக அரிது. இடிபோல் இல்லாமல் வாரக்கணக்கில் மெதுவாக ஏறும் தலைவலி, மறதி, குழப்பம், அங்கங்கே சிறு சிறு பக்கவாதங்கள் என்று நகரும். முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையில் பெரும்பாலும் மாற்றம் தெரியும். சிலருக்கு மூளைத் திசுவில் ஒரு துளி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். குழப்பத்தோடு காது கேளாமையும் பார்வையில் துண்டு விழுவதும் சேர்ந்தால் சூசாக் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு.

தொற்றுகளை மறக்கக் கூடாது. காசநோய் மூளைக்காய்ச்சல், சிபிலிஸ், எச்.ஐ.வி. எல்லாமே மூளைத் தமனிகளைப் பாதிக்கும். கண்ணைச் சுற்றி அக்கி வந்து ஆறி, வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் அதே பக்க மூளையில் பக்கவாதம் வரலாம். அக்கி ஆறிவிட்டதே என்று யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பெரிய குழாய்களில் வருவது டகாயாசு நோய். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகாயாசு இதை முதலில் விவரித்தார். பெரும்பாலும் நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்கள். மகாதமனியும் அதன் கிளைகளும் வீங்கித் தடித்துக் குறுகும். இதைப் பிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்த்தாலே போதும், ஒன்று மெலிந்திருக்கும் அல்லது கிடைக்கவே கிடைக்காது. இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தால் வித்தியாசம் பத்து புள்ளிக்கு மேல் இருக்கும். துணி துவைத்தால், தலை வாரினால் கை சோர்ந்துபோகிறது என்று அந்தப் பெண் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார். யாரும் மறு கையில் அழுத்தம் பார்த்திருக்க மாட்டார்கள்.

தமனிதான் காரணமா? சிரையில் அடைப்பு வராதா?

வரும். மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகளில் ரத்தம் உறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி வீங்கும், சில நேரம் கசியும். மொத்தப் பக்கவாதங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான், ஆனால் இளம் பெண்களுக்கு இது முக்கியமான காரணம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், கடும் நீரிழப்பு, ரத்தசோகை, காது சீழ், உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதங்களின் குறைபாடு என்று காரணங்கள் பல.

தமனி அடைப்புபோல் இது நொடியில் தாக்காது. நாள்கணக்கில் ஏறும் தலைவலி, குனிந்தாலோ படுத்தாலோ அதிகமாவது, பார்வை மங்கல், அப்புறம் வலிப்பு. பிரசவமான பெண்ணுக்கு விடாத தலைவலி என்றால் தூக்கக் குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிரைகளைப் பார்க்கும் தனி ஸ்கேன் கேட்டு எடுக்க வேண்டும். சாதாரண சி.டி. நார்மலாக இருக்க வாய்ப்பு உண்டு.

சிகிச்சை பலரைத் திடுக்கிட வைக்கும். மூளையில் கசிவு தெரிந்தாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைத்தான் கொடுக்கிறோம். கசிவுக்குக் காரணமே வெளியேற வழியில்லாத அழுத்தம்தான், வழி திறந்தால் அழுத்தம் இறங்கும். 624 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் ஐந்தில் நான்கு பேர் ஏறக்குறைய முழுமையாகக் குணமடைந்திருந்தார்கள்.

எனக்கு வந்ததால் என் குழந்தைகளுக்கும் வருமா?

பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பயம் தேவையில்லை. சில நோய்கள் மட்டும் பரம்பரையாக வரும். காடாசில் நோயில் நாட்ச்3 மரபணு மாறியிருக்கும். முப்பது வயதையொட்டி, கண்ணில் மின்னல் கோடுகளோடு ஒற்றைத் தலைவலி, நாற்பது ஐம்பதுகளில் சிறு பக்கவாதங்கள், பின்னர் மறதி. ஒவ்வொரு குழந்தைக்கும் இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஃபேப்ரி நோயில் சிறுவயதிலேயே கை கால் எரிச்சல், வியர்வை குறைவு, இடுப்பைச் சுற்றிச் செம்புள்ளிகள் தெரியும், பின்னால் சிறுநீரகமும் இதயமும் கெடும். இதற்கு 2001 முதல் நொதி ஊசி இருக்கிறது. காய்ச்சலும் தோலில் வலைப்பின்னல் கோடுகளும் உள்ள குழந்தைக்குப் பக்கவாதம் என்றால் ஏ.டி.ஏ.2 என்ற நொதியின் குறைபாட்டைத் தேடுகிறோம். 2014-இல்தான் இது அடையாளம் காணப்பட்டது, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கின்றன.

தோல் மெலிந்து சிரைகள் தெரிவது, லேசாகப் பட்டாலே கன்றிப்போவது, குடும்பத்தில் இளம் வயதில் தமனி வெடித்து இறந்தவர்கள் இருப்பது ஆகியவை வாஸ்குலர் எலர்ஸ்-டான்லோஸ் நோயின் குறிப்புகள். இதை முன்பே தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் இவர்களுக்குக் குழாய் செருகிச் செய்யும் ஆஞ்சியோகிராமே ஆபத்து.

மரபணுப் பரிசோதனைக்கு முன் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் அது உங்களோடு மட்டும் நிற்காது.

தோலில் வலைக்கோடுகள் என்றீர்களே, அது எல்லோருக்கும் குளிரில் வருவதுதானே?

குளிரில் வந்து சூட்டில் மறைந்தால் கவலையில்லை. சூட்டிலும் நிற்கும் ஊதா நிற, துண்டு துண்டான வலை, கூடவே பக்கவாதம் அல்லது தொடர் கருச்சிதைவு என்றால் ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்பொருள்களைப் பரிசோதிக்க வேண்டும். 12 வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்வார்கள். உறுதியானால் வார்ஃபரின்தான் பொதுவான தேர்வு.

எல்லா டெஸ்ட்டும் நார்மல். இனி என்ன?

எந்தெந்த டெஸ்ட் எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். கழுத்துக் குழாய்கள் படம் எடுக்கப்பட்டனவா, டாப்ளர் மட்டுமா? சிரை வழியாக நுண்குமிழிகளைச் செலுத்தி இதயத்தை ஸ்கேனில் பார்க்கும் குமிழிப் பரிசோதனை செய்து, இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே இருக்கும் ஃபோரமென் ஓவலே என்ற துளையைத் தேடினார்களா? அந்தத் துளை நால்வரில் ஒருவருக்கு எந்தத் தொல்லையும் தராமல் இருப்பது, எனவே இருந்தாலே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. பொருத்தமானவர்களுக்கு அந்தத் துளையை அடைப்பது பலன் தரும் என்று 2017-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இதயத் துடிப்பை நீண்ட நாள் பதிவு செய்தார்களா? இவ்வளவுக்குப் பிறகும் பலருக்குக் காரணம் கிடைப்பதில்லை. மூன்று மாதம் கழித்துக் குழாய்களை மீண்டும் படம் எடுத்தால் சில நேரம் விடை அங்கே இருக்கும். ஆறிய கிழிசலும் அவிழ்ந்த சுருக்கமும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கருத்தடை மாத்திரை சாப்பிடலாமா? இனி குழந்தை பெறலாமா?

பக்கவாதமோ சிரை அடைப்போ வந்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். வேறு வழிகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்குக் கர்ப்பம் தரிக்கத் தடையில்லை, ஆனால் திட்டமிட்டுத் தரிக்க வேண்டும். வார்ஃபரின் கருவுக்குத் தீங்கு செய்யும், அதை முன்கூட்டியே ஹெப்பாரின் ஊசிக்கு மாற்ற வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயத்தில் எல்லா மருந்தையும் தானாக நிறுத்திவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

பார்க்க நன்றாக இருக்கிறேன், ஆனால் முடியவில்லை. யாரும் நம்புவதில்லை.

நம்புகிறேன். பக்கவாதத்துக்குப் பிந்தைய களைப்பு உண்மையானது. கை கால் திரும்பிய பிறகும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தலை கனக்கும், மதியத்துக்குமேல் சொற்கள் கிடைக்காது. வேலைக்குத் திரும்புவதைப் பாதி நாளில் ஆரம்பியுங்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுங்கள்.

அடுத்த மருத்துவரிடம் போகும்போது என்னென்ன எடுத்துப் போவது?

டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துப் பட்டியல், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு. பக்கவாதத்துக்கு முந்தைய மாதத்தில் நடந்ததையும் எழுதுங்கள்: கழுத்து வலி, இருமல், அக்கி, புதிதாக எடுத்த மாத்திரை, பிரசவம். இரண்டு கையிலும் பார்த்த ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்கேனின் அச்சிட்ட ரிப்போர்ட்டோடு நிற்காமல் முழுப் படங்களையும் டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் என்பது ஒருவர் ஒரு நாள் கண்டதை எழுதிய காகிதம். படம் இருந்தால் இன்னொருவர் வேறு கோணத்தில் திருப்பிப் பார்க்க முடியும். 'நார்மல்' என்று எழுதப்பட்ட கழுத்து ஆஞ்சியோகிராமைப் பக்கவாட்டில் சாய்த்தபோது, பின்சுவரிலிருந்து நீட்டிய அந்த மெல்லிய தட்டு தெரிந்ததுண்டு.